பாக்கெட்டில் கை

ஸ்கால்தோ தீவுத் துறையில் படகைக் கட்டும்போது சண்டை போட்டுக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டி கிடையாது. வீட்டில் கொஞ்சிக் குலாவுகிறவர்கள்கூடப் படகின் மூக்கு துறைமேடையை நெருங்கியதும் தொண்டை கிழியக் கத்துவார்கள். பின்னால் சுக்கானைப் பிடித்திருப்பவன் புருஷன், முன்னால் கயிற்றோடு நிற்பவள் பெண்டாட்டி. எது தப்பாகப் போனாலும் முன்னால் நிற்கிறவளின் தப்பு. இந்தக் கூத்தை ரசிப்பதற்கென்றே மீனுக்குப் புகைபோடும் கொட்டகை ஓரமாக நீள பெஞ்சு ஒன்று கிடந்தது. ஊரில் அதற்குப் பெயர் சினிமா. கோடைச் சாயங்காலங்களில் பீர் பாட்டிலோடு நேரத்துக்குப் போகாவிட்டால் உட்கார இடம் கிடைக்காது.

ஐகிலும் அவன் பெண்டாட்டி போடிலும் அந்த சினிமாவில் நெடுநாள் ஓடிய படம். ஐகில் ஸ்வென்போர்க்குக்குப் போய்வரும் பயணிகள் கப்பலில் வேலை பார்த்தவன். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். "குதி, இப்பக் குதி, இப்ப இல்ல" என்று அவன் கத்துவதும், "எப்பன்னு முதல்ல முடிவு பண்ணித் தொல" என்று போடில் திருப்பிக் கொடுப்பதும் பெஞ்சுக்காரர்களுக்கு மனப்பாடம். கட்டி முடித்ததும் ஐகில் படகறைக்குள் இருந்து சாராயப் பாட்டிலை எடுத்து இரண்டு குட்டிக் கிண்ணங்களில் ஊற்றுவான். படகு பத்திரமாகக் கரை சேர்ந்தால், ஓட்டி வந்தவர் கூட வந்தவருக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கிண்ணம் காலியாவதற்குள் சண்டையும் மறந்துபோகும். அப்புறம் இருவரும் உருளைக்கிழங்கும் வறுத்த விலாங்கும் சாப்பிட வீட்டுக்குப் போவார்கள்.

படகின் பெயர் வீபெ. வீபெ என்றால் ஆள்காட்டிக் குருவி. மரப்படகு, இரண்டு பாய், இயந்திரம் இல்லை. இயந்திரமெல்லாம் கோபன்ஹேகன்காரர்களுக்கு என்பது ஐகிலின் கட்சி.

அந்த வருஷம் ஏப்ரலில், படகுக்கு வர்ணம் அடிக்கும்போது ஐகில் ஏணியிலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இரும்பு வைத்துத் தைத்து, கையில் ஊன்றுகோலைக் கொடுத்து அனுப்பினார்கள். நடக்கலாம், உட்காரலாம், ஆனால் படகின் மூக்கு வழியாக ஏறுவது குதிப்பது எல்லாம் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கால்தோவில் எல்லாப் படகும் மூக்கை மேடைக்குக் காட்டித்தான் நிற்கும். மூக்கு வழியாக ஏற முடியாதவன் படகில் ஏறவே முடியாது.

ஜூன் மாதம் முழுக்க ஐகில் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து துறையைப் பார்த்தான். பிறகு ஒருநாள் காலைச் சாப்பாட்டில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, ஓடென்ஸவில் ஒரு பல் டாக்டர் மரப்படகு தேடுகிறாராம், வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றான். ஓட்டாத மரப்படகு காய்ந்து வெடித்துவிடும், அது கெட்டுப்போவதைப் பார்ப்பதைவிட ஓட்டுகிறவனிடம் போகட்டும் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் போடிலுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

"ஓட்ட ஆளில்லையா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"தனியாவா?"

"தனியாத்தான்."

"போடில், தனியா ஓட்டுறது பெரிய விஷயமே இல்ல. பாயை ஏத்தினா அது பாட்டுக்குப் போகும். திரும்பி வந்து கட்டணும்ல? சுக்கான் பின்னால இருக்கு, கயிறு முன்னால இருக்கு. நடுவுல ஓடுறதுக்கு உனக்கு என்ன இருபது வயசா?"

"கட்டிக் காட்டினா?"

ஐகில் ரொட்டியைக் கீழே வைத்தான். யார் கையும் கயிற்றில் படாமல் நீயே கொண்டுவந்து கட்டினால் விற்கிற பேச்சே கிடையாது என்றான். டாக்டர் வருவது ஆகஸ்டில். அதுவரை உனக்கு நேரம் என்றும் சொன்னான். போடில் அவன் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்துத் தின்றுகொண்டே வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

வேலை ஆஸ்தாவின் புகைக் கொட்டகையில். ஆஸ்தாவும் போடிலும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். விடியும்போது மீன்பெட்டிகள் வரும். ஹெர்ரிங் மீனைக் கழுவி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கண் வழியாகக் கம்பியில் கோத்து, ஈரம் போகத் தொங்கவிட வேண்டும். பிறகு அடுப்பில் விறகை மூட்டி, ஈர மரத்தூளைத் தூவித் தணலை அடக்கி, புகை மட்டும் வருகிறபடி பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று மாறினால் புகை மாறும், புகை மாறினால் மீன் கசக்கும். அதனால் போடில் நாள் பூராவும் கதவுக்கு வெளியே தலையை நீட்டிப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தலைமுடியில், துணியில், தலையணையில் எல்லாம் மீன்புகை வாடை. ஐகிலுக்கு அந்த வாடை இல்லாமல் தூக்கம் வராது. ஆஸ்பத்திரியில் தூங்காததற்கு அதுதான் காரணம் என்று அவனே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

முதல் தடவை போடில் தனியாகக் கட்ட வந்தது ஜூலைத் தொடக்கத்தில். நல்ல தென்மேற்குக் காற்று. பெரிய பாயை வெளியிலேயே இறக்கிவிட்டு, சின்னப் பாயோடு நிதானமாக உள்ளே நுழைந்தாள். அவர்களுடைய இடம் மேடையின் நடுவில், பின்பக்கம் இரண்டு மரத்தூண்கள். அவள் யோசித்து வைத்திருந்தது சின்ன விஷயம்தான். படகை முன்னால் போய் நிறுத்தாமல் பின்னாலேயே நிறுத்த வேண்டும். தூணைக் கடக்கும்போது பின்கயிற்றின் சுருக்கை அதில் போட்டுவிட்டு, இருந்த இடத்திலிருந்தே கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால், படகு மேடைக்கு ஒரு கை தூரத்தில் தானாக நின்றுவிடும். அப்புறம் குதிக்க வேண்டாம், ஓட வேண்டாம், நடந்து போய் முன்கயிற்றை மாட்டினால் போதும்.

சுருக்கு தூணில் சரியாக விழுந்தது. கயிறு இறுகியது. படகு வேகம் குறைந்து நிற்கப் போன நேரத்தில் மேடையில் ஆறு கைகள் நீண்டன.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. படகு வந்தால் கயிற்றைப் பிடிக்க ஓடுவது ஸ்கால்தோக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. துறைக்காவலர் வில்லஸ் குனிந்து முன்கயிற்றைக் கவ்வி இழுத்தார். கூட ஒருவர் இழுத்தார். கோலைக் கீழே போட்டுவிட்டு ஐகிலும் இழுத்தான். மூக்கு மேடைக்குப் பாய்ந்தது, பின்புறம் காற்றோடு சுழன்று பக்கத்துப் படகில் போய் இடித்தது. வீபெயின் வர்ணம் முழ நீளத்துக்கு உரிந்தது. சினிமாவில் கைதட்டல் விழுந்தது.

"பாத்தியா?" என்றான் ஐகில்.

"எதப் பாக்கணும்? நின்ன படகை இழுத்து இடிச்சது நீங்க மூணு பேரும்."

"நாங்க பிடிக்கலன்னா என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது. அதைத்தான் சொல்றேன்."

இந்தப் பேச்சு ஊரைச் சுட்டுவிட்டது. அந்தத் தீவில் கயிறு பிடிக்க வந்தவனை வேண்டாம் என்பது, காப்பி ஊற்றும்போது கோப்பையைக் கவிழ்த்து வைப்பதற்குச் சமம். வில்லஸ் ஒரு வாரம் ஆஸ்தா கொட்டகைப் பக்கம் வரவில்லை. புகைபோட்ட கானாங்கெளுத்தி இல்லாமல் அவரால் அதற்குமேல் தாக்குப்பிடிக்க முடியாததால் எட்டாம் நாள் வந்தார். ஐகில் வாயைத் திறந்து எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் உரிந்த இடத்தை அவனே மேடையில் குப்புறப் படுத்துக்கொண்டு, எட்டினவரை தேய்த்து வர்ணம் அடித்தான்.

அதற்குப் பிறகு வேலை முடிந்த சாயங்காலங்களில் போடில் ஆஸ்தாவையும் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போதும் வரும்போதும் ஆஸ்தா முன்னால் கயிற்றோடு நிற்பாள். இரண்டு பொம்பளைகள் காற்று வாங்கப் போகிறார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. வளைகுடாவில் ஆழமில்லாத இடத்தில் விலாங்கு வலைக்காக நட்ட கம்புகள் வரிசையாக நின்றன. போடில் அவற்றைத் தூணாக வைத்துக்கொண்டு சுருக்குப் போட்டுப் பழகினாள். காற்றை எதிர்த்து வந்தால் படகு எங்கே நிற்கும், பக்கக் காற்றில் எவ்வளவு சறுக்கும், ஒரே ஒரு கயிறுதான் போட முடியும் என்றால் அதை எங்கிருந்து போடுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். படகின் இடுப்பிலிருந்து ஒரு கயிறு போட்டுவிட்டால் மூக்கும் வாலும் ரொம்ப தூரம் போகாது என்பதை அங்கேதான் கண்டுபிடித்தாள். ஆஸ்தா தொடைக்கு நடுவில் நூல்கண்டை வைத்துக்கொண்டு காலுறை பின்னினாள்.

"தப்பாப் போச்சுன்னா என்னடி பண்ணுவ?"

"திரும்ப வெளிய போயிட்டு மறுபடி வருவேன்."

"எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும். அதுக்குத்தான பெஞ்சு போட்டிருக்காங்க."

ஆஸ்தா அதைக் கேட்டு ஊசி தவறும்வரை சிரித்தாள். போடிலுக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவு காலம் இந்தப் படகின் பின்பக்கத்தில் உட்காராமல் போனோமே என்று அவளுக்கு ஏக்கமாகக்கூட இருந்தது. சுக்கான் கைக்குள் ஒரு நாய்க்குட்டியின் மூக்கைப்போலத் துருதுருவென்றிருந்தது.

டாக்டர் வருவதாகச் சொன்னது ஒரு சனிக்கிழமை. போடில் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்தாவிடம் அடுப்பை ஒப்படைத்துவிட்டுத் துறைக்கு வந்தாள். தக்கை வைத்த சட்டையை மாட்டிக்கொண்டாள். விழுந்தால் ஏறிவர ஏணியைப் பின்னால் கட்டினாள். இடித்தால் தாங்குவதற்கு இரண்டு பக்கமும் ரப்பர் பந்துகளைத் தொங்கவிட்டாள். ஐகில் மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சொல்வதற்கு அவனிடம் நூறு விஷயம் இருந்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் "சாயங்காலம் மோர் செஞ்சு வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னான். எலுமிச்சை பிழிந்து பிஸ்கெட் உடைத்துப் போட்ட குளிர்ந்த மோர் அவளுக்குப் பிடிக்கும்.

வெளியே கடல் பச்சையாக மினுங்கியது. அறுவடை நடந்துகொண்டிருந்த தீவுகளிலிருந்து வைக்கோல் வாசனை காற்றில் வந்தது. போடில் ஒரு சுற்றுச் சுற்றினாள், ஆசைக்கு இன்னொரு சுற்றும் சுற்றினாள். சிறு பிள்ளையாட்டம் பாட்டுகூடப் பாடினாள். அதற்குள் காற்று மெதுவாக வடமேற்குக்கு மாறியிருந்தது. சரி, வீட்டுக்குப் போகலாம் என்று பெரிய பாயை இறக்கிக் கட்டினாள். பின்கயிற்றின் சுருக்கைக் கைக்கருகில் வைத்துக்கொண்டு துறைக்குள் நுழைந்தாள்.

அவர்களுடைய இடத்தில் ஒரு நீலப் படகு நின்றுகொண்டிருந்தது.

அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் ஒரு சின்னப் பலகை இருக்கும். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. பல நாள் வெளியூர் போகிறவர்கள் பச்சையைத் திருப்பிவிட்டுப் போவார்கள், வருகிற விருந்தாளிப் படகு யாரையும் கேட்காமல் வந்து கட்டிக்கொள்ளலாம். சாயங்காலமே திரும்புகிறவர்கள் சிவப்பாகவே விட்டுவிடுவார்கள். போடில் சிவப்பாகத்தான் விட்டிருந்தாள். இப்போது அது பச்சையாக இருந்தது.

யார் வேலை என்று யோசிக்க நேரமில்லை. நீலப் படகு மூன்று படகு தூரத்தில் இருந்தது. கை வளைகுடாவில் பழகியபடி சுக்கானைத் தள்ளியது. வீபெ துறைக்குள்ளேயே ஒரு வட்டம் போட்டு, வந்த வழியே வெளியே போனது. பெஞ்சிலிருந்து "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்தது. மேடையில் ஐகில் கோலோடு நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் தலையில் கை வைத்திருந்தான்.

வெளியே வந்து பாயைத் தளர்த்தி, படகை மிதக்கவிட்டு, போடில் ஒரு வாய் காப்பி குடித்தாள். மேடையில் வேறு காலியிடம் இல்லை. மிச்சமிருந்தது ஆஸ்தா கொட்டகையின் கல்சுவர் ஒன்றுதான். மீன்பெட்டி இறக்குகிற தாழ்வான சுவர், நடுவில் கயிறு மாட்ட ஒரு இரும்புக் குத்துக்கட்டை. அங்கே மூக்கைக் காட்டி நிற்க முடியாது, பக்கவாட்டில்தான் சேர வேண்டும். வடமேற்குக் காற்றில் அந்தச் சுவருக்கு யாரும் போக மாட்டார்கள். காற்று நேரே சுவரில் அடித்துப் படகை நொறுக்கிவிடும் என்பது ஊர்ப் பேச்சு.

போடில் நிமிர்ந்து புகைபோக்கியைப் பார்த்தாள். புகை சுவருக்கு மேலே போகவில்லை. கூரையிலிருந்து இறங்கி, சுவரோடு ஒட்டி, வடக்கிலிருந்து தெற்காக ஓடிக்கொண்டிருந்தது. வடமேற்குக் காற்றடித்தால் கொட்டகைக் கதவைத் திறக்கவே முடியாமல் புகை வாசலோடு ஓடும் என்பதற்காக அவள் எத்தனையோ நாள் அதைத் திட்டியிருக்கிறாள். சுவரோரத்தில் காற்று சுவரோடுதான் போகிறது. தெற்கிலிருந்து வடக்கே பார்த்துப் போனால் காற்று எதிரில். எதிர்காற்றில் படகு தானாக நிற்கும்.

பின்கயிற்றை எடுத்து ஓரமாகப் போட்டாள். ஒரு கயிற்றைப் படகின் இடுப்பில் கட்டி, சுருக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். பந்துகளை எல்லாம் சுவர்ப்பக்கத்துக்கு மாற்றினாள். பிறகு சின்னப் பாயை இழுத்து மறுபடி உள்ளே வந்தாள்.

அவள் சுவரை நோக்கித் திரும்பியதைப் பார்த்ததும் பெஞ்சு மொத்தமும் எழுந்துவிட்டது. வில்லஸ் ஓடி வந்தார். நீலப் படகிலிருந்து வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் குதித்து, "நான் பிடிக்கிறேன், நான் பிடிக்கிறேன்" என்று கையை நீட்டிக்கொண்டே ஓடி வந்தார். ஆறு கைக்கே அந்தப் பாடு, இது இருபது கை.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது, கப்பல் இயந்திரத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"யாரும் தொடக் கூடாது. எல்லாரும் கையப் பாக்கெட்ல போடுங்க."

ஐகில் சுவர் விளிம்பில் நின்றிருந்தான். கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் கைகளை முதலில் கால்சட்டைக்குள் நுழைத்தான். வில்லஸ் திகைத்து நின்றார்.

"உனக்குத்தான் வில்லஸ். பாக்கெட்ல போடு."

வில்லஸ் போட்டுக்கொண்டார். வெள்ளைத் தொப்பிக்காரர் போட்டுக்கொண்டார். பெஞ்சு ஆட்கள் பீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார்கள். பாக்கெட் இல்லாத ஆஸ்தா மேலங்கிக்கு அடியில் கையை ஒளித்துக்கொண்டாள். சர்ச்சில் நிற்கிறவர்களைவிட ஒழுங்காக ஊரே வரிசையாகச் சுவரில் நின்றது. அந்த நிலையிலும் போடிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சின்னப் பாயை இறக்கினாள். வீபெ சத்தமில்லாமல் சுவரோடு போனது. முகத்தில் மீன்புகை அடித்தது, கூடவே எதிர்காற்று. வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது. குத்துக்கட்டை அவள் இடுப்புக்கு நேராக வந்தபோது படகு நடக்கிற வேகத்தில்கூட இல்லை. போடில் சுருக்கை எறியவில்லை, மாட்டினாள், கோட்டை ஆணியில் மாட்டுகிற மாதிரி. கயிற்றை இழுத்துக் கட்டினாள். பந்துகள் சுவரில் ஒருமுறை மெத்தென்று அழுந்தின. படகு நின்றது.

அவள் எழுந்து, நடந்து, முன்கயிற்றைக் கட்டினாள். திரும்ப நடந்து பின்கயிற்றைக் கட்டினாள். பாயைச் சுருட்டிக் கட்டினாள். அவ்வளவு நேரமும் ஒரு கைகூடப் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.

"இப்ப எடுக்கலாமா?" என்றான் ஐகில்.

"எத?"

"கைய."

"உன்னுதை மட்டும் எடு. மிச்சப் பேருதப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்."

ஊர் சிரித்துக் கைதட்டியது. அந்தச் சத்தத்துக்குள் ஐகில் சுவர் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தான். சுவர் தாழ்வு, படகு பக்கத்திலேயே, மூக்கு வழியாக ஏறும் வேலையே இல்லை. ஒரு காலைத் திருப்பினான். அடுத்த காலைத் திருப்பினான். போடில் கையைக் கொடுத்தாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல்முறையாக அவன் வீபெக்குள் நின்றான், பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு. கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பலகையப் பச்சையாக்கினது யாரு?" என்றாள் போடில்.

"நான்தான். வருஷா வருஷம் ஆகஸ்ட்ல ரெண்டு பேரும் சேர்ந்து வாரக்கணக்கா போவோம்ல. கை தானாத் திருப்பிடுச்சு." பாய்மரத்தைத் தடவினான். "பயமாவும் இருந்துச்சு போடில். நீ விழுந்துடுவியோன்னு. எனக்குக் குதிக்கக்கூட முடியாதே."

"அதான் ஏணி கட்டிட்டுப் போனேன்."

"பாத்தேன். அதப் பாத்த பிறகுதான் மோர் செய்யவே போனேன்."

அவன் பழக்கத்தில் பாட்டிலுக்காகப் படகறைக்குள் கையை விட்டான். போடில் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பாட்டிலை அவளே எடுத்தாள், இரண்டு கிண்ணத்திலும் அவளே ஊற்றி ஒன்றை அவனிடம் நீட்டினாள். ஐகில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். நிமிர்ந்து நின்று, கப்பல் தலைவருக்குச் சொல்வதுபோல அவள் பெயரைச் சொல்லிக் குடித்தான்.

வெள்ளைத் தொப்பிக்காரர் சுவரில் குனிந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர்தான் ஓடென்ஸ பல் டாக்டர். காற்று நன்றாக இருந்ததால் ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டாராம், பச்சைப் பலகையைப் பார்த்துப் பெண்டாட்டியும் தானுமாகப் படகை அங்கே கட்டிவிட்டாராம். மனுஷர் இன்னும் பாக்கெட்டில் இருந்து கையை எடுக்கவில்லை. அருமையான படகு, எப்போது உள்ளே வந்து பார்க்கலாம் என்று ஆசையாகக் கேட்டார்.

ஐகில் போடிலைப் பார்த்தான். போடில் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவனைப் பார்க்கவில்லை.

"டாக்டர்," என்றான் ஐகில், "உங்க இடத்துக்கு முன்னால ஒரு பலகை இருக்கு பாருங்க. சிரமம் பாக்காம அதச் சிவப்புப் பக்கம் திருப்பிட்டு வந்துடுங்க. அந்த இடத்துக்காரங்க வந்துட்டாங்க."

டாக்டர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு, நல்ல மனுஷர், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் நீலப் படகு இடத்தைக் காலி செய்துகொண்டு, சுவரின் அடுத்த முனைக்கு வந்தது. டாக்டர் பின்னால் சுக்கானில், அவர் பெண்டாட்டி முன்னால் கயிற்றோடு. "குதி" என்றார் டாக்டர். "இப்ப இல்ல" என்றார். பெஞ்சுக்காரர்கள் ஓடிப்போய் இடம் பிடித்தார்கள்.

ஐகில் தன்னையறியாமல் எழுந்துவிட்டான். அவனுடைய இரண்டு கைகளும் கயிற்றைப் பிடிக்க நீண்டுவிட்டிருந்தன. போடில் அவனைப் பார்த்தாள்.

ஐகில் மறுபடி உட்கார்ந்து, கைகளை அவளுடைய தக்கைச் சட்டைப் பாக்கெட்டுகளுக்குள் விட்டுக்கொண்டான்.